கூடவே வரும் உரிமை: ஜோ ஸ்மித்தின் பன்னிரண்டு அணிகள்

1

அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகைகளில் 'ஜர்னிமேன்' என்றொரு சொல் அடிக்கடி புழங்கும். ஓர் அணியில் நிலைக்காமல், ஒன்று மாற்றி ஒன்றாகப் பல அணிகளுக்கு ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரரை அப்படிச் சொல்வார்கள். 'ஜர்னி' என்றால் பயணம் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே ஊர் ஊராகத் திரிகிறவன், ஓரிடத்தில் கால் தரிக்காதவன் என்று பொருள் கொண்டுவிடுகிறோம். ஆங்கிலம் பேசுகிறவர்களே இன்று பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சொல்லின் வேர் வேறு. பிரெஞ்சில் 'ழூர்னே' என்றால் ஒரு பகல். ஒரு பகலின் வேலை. ஐரோப்பியக் கைவினைச் சங்கங்களில் மூன்று படிகள் இருந்தன. தொழில் பழகும் பையன் கீழே. சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ஆசான் மேலே. தொழிலைப் பழகி முடித்துவிட்டு, பட்டறை வைக்க வழியில்லாமல், நாளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு ஆசானிடம் வேலை செய்பவன் நடுவில். இந்த நடு ஆள்தான் ஜர்னிமேன். கையில் தொழில் உண்டு, பட்டறை இல்லை. தமிழில் சொன்னால் நாட்கூலி.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 'பயணி' என்று வாசித்தால் அது ஓர் ஆளின் குணத்தைப் பற்றிய பேச்சாகிவிடும்: அவனுக்கு ஒட்டவில்லை, தேறவில்லை, தலையெழுத்து. 'நாட்கூலி' என்று வாசித்தால் அது ஓர் உறவைப் பற்றிய பேச்சு. அவனை வேலைக்கு வைத்தது யார், அனுப்பியது யார், எந்த விதிப்படி என்ற கேள்விகள் வந்துவிடும். விளையாட்டு எழுத்து முதல் வாசிப்பையே மறுபடி மறுபடி உற்பத்தி செய்கிறது. நாம் இரண்டாவதைச் செய்து பார்க்கலாம்.

உடனே ஒரு மறுப்பு எழும். கோடிக்கணக்கில் டாலர் வாங்குகிறவன் எப்படிக் கூலியாவான்? இவனுக்கென்ன குறைச்சல்? நியாயமான கேள்வி. அதைத் தள்ளிவிடாமல் கூடவே வைத்துக்கொண்டு போவோம். ஏனென்றால் இந்த வேலையில் பணம் ஏராளமாக இருப்பதால்தான், பணத்தைத் தவிர வேறு என்ன இல்லை என்பது பளிச்சென்று தெரிகிறது.

2

என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் இன்று 30 அணிகள் உள்ளன. ஓர் அணிக்கு முழு ஒப்பந்தத்தில் 15 பேர். உலகத்தின் மிகச் சிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் 450 வேலைகள். ஒரு பருவத்துக்கு ஓர் அணி 82 ஆட்டங்கள் ஆடும். இந்த லீகில் அதிக அணிகளுக்கு ஆடியவர் ஈஷ் ஸ்மித். 2022-23 பருவத்தில் டென்வருக்காக இறங்கியபோது அது அவருக்கு 13ஆவது அணி. அதற்கு முன்பு 12 அணிகள் என்ற எண்ணைச் சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இவர்களில் ஜோ ஸ்மித்தின் கதையை எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. 'தேறாதவன்தான் அலைவான்' என்ற சமாதானம் அவரிடம் செல்லுபடியாகாது.

வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரத்துக்காரர். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு 1995இல் லீகுக்கு வந்தார். புதியவர்கள் தங்கள் அணியைத் தாங்களே தேர்ந்துகொள்வதில்லை. அணிகள் வரிசை வைத்து ஆளைத் தேர்ந்துகொள்கின்றன. அந்த ஆண்டின் முதல் ஆளாக ஜோ ஸ்மித்தை கோல்டன் ஸ்டேட் அணி எடுத்தது. அதே ஆண்டு ஐந்தாவதாக எடுக்கப்பட்ட கெவின் கார்னெட் மின்னசோட்டா அணியில் 12 பருவங்கள் நிலைத்து நின்று பெரும் நட்சத்திரமானார். முதலாவதாக வந்தவர் 12 அணிகளுக்குப் போனார். ஸ்மித் ஒன்றும் மோசமாக ஆடிவிடவில்லை. முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 15.3 புள்ளிகள், இரண்டாவது பருவத்தில் 18.7. எந்தக் கணக்கிலும் நல்ல எண்கள்.

ஆனால் அவர் வந்த ஆண்டு முக்கியமானது. 1994இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கிளென் ராபின்சன் பத்து ஆண்டுகளுக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டார். உரிமையாளர்கள் மிரண்டு போனார்கள். 1995இல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் புதியவர்களுக்குச் சம்பளப் படிநிலை நிர்ணயிக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் மூன்றே ஆண்டுகள். இந்தப் புதிய சட்டத்தின் கீழ் வந்த முதல் 'முதல் ஆள்' ஜோ ஸ்மித். மூத்தவர்களின் பங்கைக் காப்பாற்ற இன்னும் வேலைக்கே வராதவர்களின் பங்கைச் சங்கம் விட்டுக்கொடுத்தது என்றும் இதைப் படிக்கலாம். பேச்சுவார்த்தை மேசையில் இல்லாதவன் தலையில்தான் எப்போதும் முதல் வெட்டு விழும். சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அவர் கைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில், 1998 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட் அவரைப் பிலடெல்பியாவுக்கு அனுப்பியது. அந்தக் கைமாற்றத்தில் எதிர்த்திசையில் வந்தவர்களில் ஒருவர் ஜிம் ஜாக்சன். பின்னாளில் 12 அணிக் கணக்கைத் தொட்ட இருவர் ஒரே பரிவர்த்தனையில் ஒருவரை ஒருவர் கடந்துபோனார்கள்.

3

அடுத்து நடந்ததுதான் அவர் பெயரைப் பிரபலமாக்கியது. 1998 ஜூலை முதல் 1999 ஜனவரி வரை உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தார்கள். அந்தப் பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. கதவு திறந்தபோது ஜோ ஸ்மித் மின்னசோட்டாவுக்குப் போனார், ஓராண்டு ஒப்பந்தத்தில், வெறும் 17 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு. அவருடைய சந்தை விலையோடு பார்த்தால் அடிமாட்டு விலை. ஏன் ஒத்துக்கொண்டார்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். லீகில் ஒவ்வோர் அணிக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 1984-85 பருவத்தில் 36 லட்சம் டாலரில் தொடங்கிய ஏற்பாடு இது. வரம்பைத் தாண்டிய அணி வெளியிலிருந்து ஆளை விருப்பம்போல் வாங்க முடியாது. ஆனால் ஓர் ஆட்டக்காரர் ஒரே அணியில் மூன்று பருவங்கள் இருந்துவிட்டால், வரம்பை மீறியும் அந்த அணி அவருக்குப் பெரிய சம்பளம் தரலாம். பாஸ்டன் அணியின் லாரி பேர்ட் பெயரால் இதைப் 'பேர்ட் உரிமை' என்பார்கள். கார்னெட்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் என்று 1997இல் கையெழுத்துப் போட்டிருந்த மின்னசோட்டாவிடம் வரம்புக்குள் இடம் இல்லை. எனவே ஒரு ரகசிய ஏற்பாடு: மூன்று ஓராண்டு ஒப்பந்தங்கள் குறைந்த சம்பளத்தில், பேர்ட் உரிமை வந்ததும் 8 கோடியே 60 லட்சம் டாலர் வரை ஒரு நீண்ட ஒப்பந்தம். இதை எழுத்திலும் போட்டு வைத்தார்கள். ஆட்டக்காரர்களின் முகவர்களுக்குள் வந்த வழக்கில் அந்தத் தாள் வெளியே வந்துவிட்டது.

2000 அக்டோபரில் லீகின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் தண்டனை அறிவித்தார். அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம். புதியவர்களைத் தேர்ந்துகொள்ளும் முதல் சுற்று வாய்ப்புகள் ஐந்து பறிமுதல் (இரண்டைப் பின்னால் திருப்பிக் கொடுத்தார்கள்). ஜோ ஸ்மித்தின் ஒப்பந்தம் ரத்து. நடப்பு ஒப்பந்தம் மட்டுமல்ல, ஏற்கெனவே ஆடி முடித்த இரண்டு பருவங்களின் ஒப்பந்தங்களும் ரத்து. ஆடிய ஆட்டங்கள் கணக்கில் நிற்கும், எடுத்த புள்ளிகள் நிற்கும். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் அவர் அங்கே 'இருந்தார்' என்பது சட்டத்தின் கண்ணில் அழிந்துவிட்டது. உழைப்பு நடந்தது, அதனால் சேர வேண்டிய உரிமை நடக்கவில்லை. அவர் டெட்ராய்ட்டுக்குப் போய் ஒரு பருவம் ஆடி, 2001இல் மறுபடி மின்னசோட்டாவுக்கே வந்தார். கணக்கு திரும்பவும் பூஜ்யத்திலிருந்து.

ரகசிய ஏற்பாட்டுக்கு அவரும் உடன்பட்டவர்தானே என்று கேட்கலாம். ஆம். அவரை அப்பாவியாக்குவது நம் வேலையல்ல. பார்க்க வேண்டியது, அந்த ஏற்பாடு எதன் மீது கட்டப்பட்டது என்பதை. 'ஓரிடத்தில் இருப்பது' என்பதே இங்கே ஒரு மூலதனம். இருந்தால் உரிமை சேரும். ஆனால் இருப்பது ஆட்டக்காரர் கையில் இல்லை.

4

2003 ஜூனில் அவரை மில்வாக்கிக்கு அனுப்பினார்கள். 2006 ஜூலையில் டென்வருக்கு. அதே டிசம்பரில் மறுபடி பிலடெல்பியாவுக்கு. இந்தக் கடைசிக் கைமாற்றத்தைச் சற்று உற்றுப் பார்க்கலாம். டென்வருக்கு வேண்டியிருந்தது ஆலன் ஐவர்சன். 1996இன் முதல் தேர்வு, ஸ்மித்தின் பக்கத்து ஊர்க்காரர், 1998இல் பிலடெல்பியாவில் அவரோடு சேர்ந்து ஆடியவர். வரம்பைத் தாண்டிய அணிகள் கைமாற்றம் செய்யும்போது இரு பக்கமும் போகும் சம்பளங்கள் ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும் என்பது விதி. ஐவர்சனுக்கு ஆண்ட்ரே மில்லர் மட்டும் ஈடாகமாட்டார். தராசில் இன்னும் கொஞ்சம் எடை வேண்டும். அந்த எடைதான் ஜோ ஸ்மித்தின் ஒப்பந்தம். அந்தப் பருவத்தோடு முடிந்துவிடும் ஒப்பந்தம் என்பதால் வாங்குகிற அணிக்குச் சுமையும் இல்லை. 1995இன் முதல் தேர்வு, 1996இன் முதல் தேர்வுக்கான படிக்கல்லாக வைக்கப்பட்டார்.

ஆக, இங்கே கைமாறுவது ஆள் அல்ல, ஒப்பந்தம். ஒப்பந்தம் போகிற இடத்துக்கு உடல் பின்னால் போகிறது. இது மிகையான பேச்சு என்று தோன்றினால் டெரல் பிராண்டனை நினைத்துப் பார்க்கலாம். முழங்கால் காயத்தால் 2002 தொடக்கத்துக்குப் பிறகு அவர் களம் இறங்கவே இல்லை. ஆனாலும் 2003 ஜூலையில் நான்கு அணிகள் சேர்ந்து செய்த ஒரு பெரிய கைமாற்றத்தில் மின்னசோட்டாவிலிருந்து அட்லாண்டாவுக்கு அவர் 'போனார்'. அட்லாண்டாவுக்காக அவர் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அங்கே தேவைப்பட்டது அவருடைய முழங்கால் அல்ல, முடியப்போகும் அவருடைய சம்பளக் கணக்கு. ஆட முடியாத உடலும் பண்டமாகச் சுற்றிவரும் என்றால், பண்டமாக இருப்பது எது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஜோ ஸ்மித்தின் மிச்ச ஊர்கள்: சிகாகோ, கிளீவ்லாண்ட், ஓக்லஹோமா சிட்டி, மறுபடி கிளீவ்லாண்ட், அட்லாண்டா, நியூ ஜெர்சி, 2010 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். 2011இல் முடிந்தது. 16 பருவங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், ஆறு கோடி டாலருக்கு மேல் சம்பளம். எண்ணிப் பார்த்தால் ஏழு முறை அவரைக் கைமாற்றி அனுப்பியிருக்கிறார்கள்: 1998, 2003, 2006இல் இரண்டு, 2008இல் இரண்டு, 2010. ஏழு முறையும் அவர் சம்மதம் தேவைப்படவில்லை.

'என்னை அனுப்பக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க ஆட்டக்காரருக்கு வழி இல்லையா? இருக்கிறது. லீகில் எட்டு ஆண்டுகள், அந்தக் குறிப்பிட்ட அணியில் நான்கு ஆண்டுகள் முடித்தவர் கேட்கலாம். விதியின் நகைச்சுவையைப் பாருங்கள். அனுப்பப்படாமல் இருந்தவருக்குத்தான் அனுப்பப்படாமல் இருக்கும் உரிமை. ஜோ ஸ்மித் எந்த அணியிலும் தொடர்ந்து நான்கு பருவங்கள் நின்றதில்லை. ஒவ்வொரு கைமாற்றமும் அடுத்த கைமாற்றத்துக்கு அவரைத் தயார் செய்தது.

5

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு புலம்பலாகப் போய்விடும். கதையில் இன்னொரு பாதி இருக்கிறது.

1964 ஜனவரி 14, பாஸ்டன். நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆண்டுக் காட்சி ஆட்டம். தொலைக்காட்சி நாடு முழுவதும் காட்டக் காத்திருக்கிறது. உடை மாற்றும் அறையை விட்டு ஆட்டக்காரர்கள் வெளியே வரவில்லை. ஓய்வூதியம் தருவதாக வாக்குக் கொடுத்தால்தான் ஆட்டம் என்றார்கள். பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், எல்ஜின் பெய்லர், ஜெர்ரி வெஸ்ட், டாம் ஹெய்ன்சன் எல்லாரும் உள்ளே. ஓர் உரிமையாளர் தன் ஆட்டக்காரர்களுக்கு மிரட்டல் சொல்லி அனுப்பினார். கடைசியில் ஆணையர் வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது. அவர்களுக்குப் பின்னால் இருந்த வழக்கறிஞர் லாரி ஃபிளைஷர்.

1970 ஏப்ரலில் அதே சங்கம், ராபர்ட்சன் தலைவராக இருந்தபோது, லீகின் மீது வழக்குப் போட்டது. அன்றைய நிலைமையில் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய அணியின் பிடியிலேயே இருப்பார். பேஸ்பாலில் இதே விதியை எதிர்த்தவர் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர். 1969இல் தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குகிற நீ அடிமையா என்று கேட்டவர்களுக்கு, நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்ற பொருளில் பதில் சொன்னார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் அதோடு போயிற்று. கூடைப்பந்துச் சங்கத்தின் வழக்கு 1976இல் சமரசத்துக்கு வந்தது. பிடி படிப்படியாகத் தளர்ந்தது. 1988இல்தான் ஒப்பந்தம் முடிந்த ஒரு மூத்த ஆட்டக்காரர், டாம் சேம்பர்ஸ், யாரையும் கேட்காமல் சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸுக்குப் போக முடிந்தது. இந்த நிலையில் இருப்பவரை 'ஃப்ரீ ஏஜண்ட்' என்கிறார்கள். சுதந்திரமானவர்.

இந்தச் சுதந்திரம் இரட்டைப் பொருள் கொண்டது. உழைப்பாளி இரண்டு விதத்தில் சுதந்திரமானவன் என்று மார்க்ஸ் 'மூலதன'த்தில் விளக்கியிருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்: தன் உழைப்புச் சக்தியை யாருக்கும் விற்கலாம், விற்பதைத் தவிர வேறு ஒன்றும் கையில் இல்லாமலும் 'சுதந்திரமாக' இருக்கிறான். நட்சத்திரத்துக்கு ஃப்ரீ ஏஜண்ட் என்பது முதல் பொருளில். பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டாம் பொருளில். உத்தரவாதமில்லாத ஒப்பந்தங்கள் ஜனவரி 10 அன்று அந்தப் பருவம் முழுமைக்கும் உறுதியாகிவிடும். எனவே அதற்குச் சில நாட்கள் முன்பு அணிகள் ஆட்களைக் கழற்றிவிடுகின்றன. அதே ஜனவரித் தொடக்கத்தில்தான் 'பத்து நாள் ஒப்பந்தம்' என்ற ஒன்று நடைமுறைக்கு வரும். பத்து நாள் கூலி. ஒரே அணி இரண்டு முறை கொடுக்கலாம். மூன்றாம் முறை கிடையாது, பருவம் முழுக்க வைத்துக்கொள் அல்லது அனுப்பிவிடு. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் 'ஒரு பகல்' அப்படியே பத்து மடங்காகத் திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இந்த லீகில் ஆட்டக்காரருக்கு இரண்டு வகை உரிமைகள் உள்ளன. ஒன்று அணியோடு ஒட்டியது: பேர்ட் உரிமை, அனுப்பக் கூடாது என்று கேட்கும் உரிமை. இவை இருந்தால் சேரும், ஃப்ரீ ஏஜண்டாக வேறு அணிக்குப் போனால் அழியும். இன்னொன்று ஆளோடு ஒட்டியது. ஓய்வூதியத்துக்கு மூன்று ஆண்டு சேவை போதும். எந்த அணியில் என்று கேட்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் சேவை ஆண்டுகளுக்கு ஏற்ப உயரும். 12 ஊர்களில் ஆடியிருந்தாலும் ஆண்டு ஆண்டுதான். இப்படி உயர்ந்தால் மூத்தவரை விட்டுவிட்டு மலிவான இளையவரை எடுத்துக்கொள்வார்களே? அதற்கும் வழி கண்டார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓராண்டுக்கு வரும் மூத்தவரின் கூடுதல் தொகையை அணி தர வேண்டியதில்லை, லீகின் பொது நிதி தருகிறது. 2016இல், மூன்று ஆண்டாவது ஆடி ஓய்வுபெற்றவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டை ஆட்டக்காரர் சங்கம் தன் நிதியிலிருந்து ஏற்றது.

முதல் வகை உரிமைகள் தனிப்பட்ட பேரத்தின் உலகத்தைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை 1964இல் அந்த அறைக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களிடமிருந்து வருகிறவை. அவர்கள் அன்று பேரம் பேசியது தங்கள் தங்கள் சம்பளத்துக்காக அல்ல. அவர்களில் பலருக்குத் தனியாகப் பேசினாலே நல்ல விலை கிடைத்திருக்கும். ஜோ ஸ்மித்தின் ரகசிய ஒப்பந்தத்தைப் பேசிய முகவர் எரிக் ஃபிளைஷர், லாரி ஃபிளைஷரின் மகன். இதை ஒரு குடும்பத்தின் வீழ்ச்சிக் கதையாகச் சொல்வது எளிது, தேவையில்லை. தந்தையின் காலத்தில் ஆட்டக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாருக்குமாகக் கேட்டார்கள். மகனின் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவருக்காக எழுதிக்கொண்டார்கள். எல்லாருக்குமாகக் கேட்டது இன்றும் நிற்கிறது. ஒருவருக்காக எழுதிய தாள் ஆணையரின் ஒரே கையெழுத்தில் செல்லாக்காசாகிப் போயிற்று.

1721இல் லண்டன் நகரத்துத் தையல் தொழிலாளர்கள் கூட்டாகக் கூலி உயர்வு கேட்டபோது, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்தக் கூட்டணிக்கு எதிராகச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'ஜர்னிமேன்' என்ற சொல் இருக்கிறது. அங்கே அது அலைகிறவனைக் குறிக்கவில்லை. கூட்டுச் சேர்ந்தால் ஆபத்தானவனைக் குறித்தது. அந்தப் பொருளை அகராதிகள் மறக்கலாம். ஊருக்கு ஊர், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாற்றி அனுப்பப்படுகிற யாருக்காக நாம் பேசினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அந்தப் பொருளே நமக்குத் தருகிறது: இந்த ஆள் நாளை வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டால், இன்று நாம் வாங்கித் தருகிற உரிமை அவர் கூடவே போகுமா, அல்லது வாசலிலேயே நின்றுவிடுமா?